லாபம் ஏட்டில், சனிக்கிழமைக்குப் பணம்?

சனிக்கிழமை பிற்பகலில் திருப்பூருக்குப் போய், பெரிய வீதிகளை விட்டு ஏதாவதொரு சந்துக்குள் திரும்பி, மாடியும் கீழுமாக ஐம்பது அறுபது தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பனியன் கம்பெனியின் ஆபீஸ் அறையில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால், வியாபார சாஸ்திரத்தைப் பற்றிய தடித்த புத்தகங்கள் பல அத்தியாயங்களில் சொல்ல முயலுகிற ஒரு விஷயம் நம் கண்ணெதிரிலேயே நடப்பதைப் பார்க்கலாம். மேஜையின் மீது அனுப்பி முடித்த சரக்குகளின் பில்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அவற்றின் தொகையைக் கூட்டிப் பார்த்தால் அந்த அறையின் சொந்தக்காரர் சந்தேகமில்லாமல் ஒரு செல்வந்தர். ஆனால் அந்தச் செல்வந்தரோ ஆறு மணிக்குள் வாரக்கூலி பட்டுவாடா செய்தாக வேண்டிய நிர்ப்பந்தத்தில், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "அண்ணா, போன மாசத்து பில்லுங்க... இன்னிக்கு ஒரு அஞ்சு லட்சமாச்சும் போட்டு உட்டீங்கன்னா போதுங்க" என்று மன்றாடிக்கொண்டிருப்பார். மறுமுனையில் இருக்கும் "அண்ணா"வும், பெரும்பாலும், வேறு யாரிடமோ இதே வாசகத்தைச் சொல்லிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பவர்தான்.

லாபம் வேறு, ரொக்கம் வேறு என்பதை நம்மில் பலர் ஒப்புக்கொள்வதுண்டு, உணர்ந்தவர்கள் குறைவு. நூறு ரூபாய்க்கு வாங்கியதை நூற்றுப் பத்துக்கு விற்றவுடன் பத்து ரூபாய் லாபம் என்று ஏடு எழுதிவிடுகிறது. ஏட்டுக்கு அதில் ஒரு தயக்கமும் கிடையாது. விற்ற சரக்குக்குப் பணம் எப்போது வரும், வாங்கிய சரக்குக்குப் பணம் எப்போது போகவேண்டும் என்கிற கேள்விகள் லாப நஷ்டக் கணக்கில் இடம்பெறுவதே இல்லை. வியாபாரம் மூச்சுவிடுவதும் மூச்சுத் திணறுவதும் அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில்தான். நஷ்டத்தில் நடக்கும் ஸ்தாபனம்கூட ரொக்கம் கையிலிருக்கும்வரை சில வருஷங்கள் நடமாடுவதைப் பார்க்கிறோம். லாபத்தில் நடக்கும் ஸ்தாபனமோ ஒரே ஒரு சனிக்கிழமை கூலி தவறினால் திங்கட்கிழமை பாதி மெஷின்கள் ஓடாமல் நின்றுபோகிறது, ஏனென்றால் தையல்காரர்களுக்கு அடுத்த தெருவிலேயே வேலை காத்திருக்கிறது.

எல்லா வியாபாரத்துக்கும் இந்தத் துன்பம் ஒரே அளவாக வாய்ப்பதில்லை. சிற்றுண்டிச்சாலைக்காரரைப் பாருங்கள்: காலையில் விற்ற இட்லிக்குக் காலையிலேயே கல்லாவில் காசு விழுந்துவிடுகிறது, அரிசிக்காரருக்கும் பால்காரருக்கும் காய்கறி மண்டிக்கும் அவர் கொடுப்பது வாரக் கடைசியிலோ மாதக் கடைசியிலோதான். ஆகவே அவருடைய கடை வளர வளரப் பிறருடைய பணம் அவர் கையில் அதிகமாகத் தங்குகிறது. சிவகாசிப் பட்டாசுத் தொழிலிலோ வருஷம் முழுவதும் கூலியும் மருந்தும் காகிதமும் செலவாகிக்கொண்டே இருக்க, விற்பனை தீபாவளியை ஒட்டிய சில வாரங்களுக்குள் நடந்து தீர்ந்துவிடுகிறது. சர்க்கரை ஆலை இதற்கு நேர்மாறு. கரும்பைச் சில மாதங்களில் வாங்கி அரைத்துவிட்டுச் சர்க்கரையை வருஷமெல்லாம் விற்கவேண்டும். தொழிலுக்குத் தொழில் மூச்சின் நீளம் வேறு. எத்தனை மூலதனம் தேவை என்று கேட்கும் முன்னால், எத்தனை நாளைக்கு என்று கேட்டுக்கொள்கிறவரே தம் தொழிலை அறிந்தவர் என்பேன்.

திருப்பூரின் மூச்சு நீளமானது. அது எவ்வளவு நீளம் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. தொகைகள் எல்லாம் கணக்கின் வசதிக்காக நானே வைத்துக்கொண்டவை, தேதிகளின் போக்கு மட்டும் அந்த ஊரின் இயல்பை ஒட்டியது. ஐரோப்பிய வியாபாரி ஒருவர் ஒரு லட்சம் டீ-ஷர்ட்டுகளுக்கு, ஒன்றுக்கு 200 ரூபாய் வீதம், 2 கோடி ரூபாய்க்கு ஆர்டர் கொடுக்கிறார். முதல் மாதத்தில் நூலுக்கு 80 லட்சம் போகிறது. இரண்டாம் மாதத்தில் நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங் இவற்றுக்கு 35 லட்சம். மூன்றாம் மாதத்தில் கட்டிங், தையல், காஜா பட்டன், செக்கிங், அயர்னிங், அட்டைப்பெட்டி, துறைமுகச் செலவு என்று 65 லட்சம். ஆக 180 லட்சம் செலவழித்து, மூன்றாம் மாத முடிவில் தூத்துக்குடியிலிருந்து சரக்குக் கப்பலேறுகிறது. கப்பலேறியதிலிருந்து அறுபது நாளில் பணம் என்பது ஒப்பந்தமானால், 2 கோடி ரூபாய் கைக்கு வருவது ஐந்தாம் மாத முடிவில். லாபம் 20 லட்சம், நூற்றுக்குப் பத்து. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது அதே முதலாளிக்கு அதிர்ஷ்டம் அடித்து, மாதம் ஒன்றுக்கு அதே அளவு ஆர்டர் ஒன்று தவறாமல் வர ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரார் அவரைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். அவருடைய தூக்கம் போவதும் அன்றைக்குத்தான். முதல் மாதம் 80 லட்சம் வெளியே போயிருக்கும். இரண்டாம் மாதம் முதல் ஆர்டரின் சாயத்தோடு இரண்டாவது ஆர்டரின் நூலும் சேர்ந்து மொத்தம் 195 லட்சமாகிவிடும். மூன்றாம் மாத முடிவில் 375 லட்சம். நான்காம் மாத முடிவில் 555. ஐந்தாம் மாத முடிவில், முதல் ஆர்டரின் முதல் பைசா வந்து சேர்வதற்கு முந்தின தினம், 735 லட்சம். ஏழு கோடியே முப்பத்தைந்து லட்சம் ரூபாயை வெளியே கொட்டிவிட்டு இரண்டு கோடிக்காகக் காத்திருக்கிறார். அது வந்த பிறகும் பள்ளம் மாதத்துக்கு இருபது லட்சம் வீதம்தான் தூரும். அந்த வியாபாரி பணத்தை ஒரே ஒரு மாதம் தாமதித்தால், ஆர்டர்கள் நிற்காமல் ஓடுகிறபடியால், பள்ளம் 915 லட்சமாக ஆழமாகிறது. வளர்ச்சி என்று நாம் மேடைகளில் கொண்டாடுகிற வஸ்து, முதலில் பணத்தைத் தின்கிற வஸ்து என்பதை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சோம்பேறித்தனத்தால் கெட்ட வியாபாரிகளைவிட, சக்திக்கு மீறி ஆர்டர் பிடித்துக் கெட்ட வியாபாரிகள் கொங்கு நாட்டில் அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பள்ளத்தை நிரப்பும் வகைகள்

இந்த ஏழே கால் கோடிக்கு மேற்பட்ட பணத்தை எங்கிருந்து கொண்டுவருவது? கைமுதல் முதலாவது, நிலத்தை விற்றதும், மனைவியின் நகையை வைத்ததும், மாமனார் கொடுத்ததும் அதில் அடக்கம். பங்காளிகளையும் மைத்துனர்களையும் கூட்டுச் சேர்த்துக்கொள்வது இரண்டாவது. இந்தப் பணத்துக்கு ஒரு விசேஷ குணம் உண்டு: அதற்குத் தவணைத் தேதி இல்லை. பங்கு மூலதனம் என்பதன் சாரமும் இதுதான். மும்பைப் பங்குச் சந்தையும் தேசியப் பங்குச் சந்தையும் 2012இல் சிறு கம்பெனிகளுக்கென்று தனி மேடைகள் அமைத்துக் கொடுத்தபோது திறந்த கதவு இதே தேதியில்லாப் பணத்துக்கான கதவுதான். ஆனால் பங்குக்காரரைச் சேர்ப்பது என்பது கணக்குப் புத்தகத்தைப் பிறர் கையில் கொடுப்பதாகும் என்ற கூச்சம் நம்மவர்களை இன்னும் விடவில்லை.

அடுத்தது ஏலச்சீட்டு. இதைப் படித்த பொருளாதார நிபுணர்கள் அலட்சியமாகப் பார்ப்பதுண்டு. எனக்கு அந்த அலட்சியம் நியாயமாகப் படவில்லை. இருபது பேர் மாதம் ஐம்பதாயிரம் போட்டுப் பத்து லட்சமாக்கி, அவசரம் அதிகமுள்ளவன் அதிகமாகத் தள்ளி முதலில் எடுத்துக்கொள்ள, அவசரமில்லாதவன் அந்தத் தள்ளுபடியில் பங்கு வாங்கிக்கொண்டு கடைசிவரை காத்திருக்கும் இந்த ஏற்பாட்டில், சேமிப்பும் கடனும் ஒரே பாத்திரத்தில் இருக்கின்றன. கூட்டத்தில் யாருக்கு நெருக்கடி என்பது ஏலம் கேட்கும் குரலிலேயே தெரிந்துவிடும். எந்த வங்கி அதிகாரிக்கும் அவ்வளவு சுருக்கமான அறிக்கை கிடைப்பதில்லை. சீட்டு நடத்துவோருக்கு 1982ஆம் வருஷத்துச் சட்டம் கமிஷனுக்கு 5 சதவீதம் என்று எல்லை வகுத்தது. 2019ஆம் வருஷத் திருத்தம் அதை 7 ஆக்கிற்று. பதிவு செய்யாத சீட்டுகளின் கதை வேறு. அங்கே தலைவரே ஒரு நாள் காணாமற்போவார்.

நூல்மில்லும் ஒரு வங்கிதான், பெயர்தான் வேறு. முப்பது நாள் கடனில் நூல் கொடுக்கும்போது மில் முதலாளி கடன் கொடுக்கிறார்; ரொக்கமாக வாங்கினால் கழிவு உண்டு என்று சொல்லும்போது அந்தக் கடனின் வட்டி என்ன என்பதையும் சொல்லிவிடுகிறார். இரண்டு சதவீதக் கழிவை விட்டுவிட்டு முப்பது நாள் கடன் வாங்குகிறவர், வருஷத்துக்கு ஏறக்குறைய 24 சதவீத வட்டி கொடுக்கிறார் என்பதை அவர் ஏடு அவருக்குச் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் வங்கியின் பத்து சதவீத வட்டியைப் பற்றி அவ்வளவு குறைப்பட்டுக்கொள்ள மாட்டார்.

வங்கிகளுக்கு வருவோம். நம் நாட்டு வங்கிகள் தொழிலுக்கு நடைமுறை மூலதனம் கொடுப்பதில் நெடுங்காலம் ஈட்டையே பார்த்தன. எவ்வளவு சொத்து இருக்கிறதோ அவ்வளவு கடன். 1974இல் ரிசர்வ் வங்கி பிரகாஷ் டாண்டன் தலைமையில் அமைத்த குழுதான், இந்தத் தொழிலுக்கு இத்தனை மாதச் சரக்கு, இத்தனை மாதப் பாக்கி என்று அளவுகள் வகுத்து, கடனைத் தொழிலின் ஓட்டத்தோடு பிணைக்க முயன்றது. சிறு தொழில்களுக்கு அந்த அளவுகோல் மிகவும் சிக்கலாக இருந்தமையால், 1991இல் பி. ஆர். நாயக் தலைமையில் அமைந்த மற்றொரு குழு ஒரே வரியில் விதி சொல்லிற்று: வருஷ விற்பனையில் நாலில் ஒரு பங்கு நடைமுறை மூலதனத் தேவை, அதில் ஐந்து சதவீதம் முதலாளி போடவேண்டும், இருபது சதவீதம் வங்கி கொடுக்கவேண்டும். 5 கோடி வரையிலான சி.சி. (கேஷ் கிரெடிட்) லிமிட்டுகளுக்கு இன்றும் இந்தச் சூத்திரமே ஆதாரம்.

நம்முடைய கணக்கை இந்தச் சூத்திரத்தில் வைத்துப் பாருங்கள். மாதம் 2 கோடி என்றால் வருஷத்துக்கு 24 கோடி. அதில் இருபது சதவீதம் 4 கோடியே 80 லட்சம் வங்கி தரும். 1 கோடியே 20 லட்சம் முதலாளி போடுவார். மொத்தம் 6 கோடி. பள்ளமோ 7 கோடியே 35 லட்சம். ஒன்றேகால் கோடிக்கு மேல் துண்டு விழுகிறது; சூத்திரத்திலும் தவறில்லை, வங்கி மானேஜரிடத்திலும் தவறில்லை. நாலில் ஒரு பங்கு என்று சொன்னபோது நாயக் குழுவினர், பணம் போய்த் திரும்பி வர மூன்று மாதம் ஆகும் என்று அனுமானித்துக்கொண்டார்கள். திருப்பூருக்கு ஐந்து மாதம் ஆகிறது. அந்த இரண்டு மாத வித்தியாசத்தில்தான் கைமாற்றும், சீட்டும், பின்தேதியிட்ட செக்கும், கடைசியில் கந்துவட்டிக்காரரும் வந்து நுழைகிறார்கள். 2003இல் தமிழ்நாடு அரசு கந்துவட்டிக்கு எதிராகச் சட்டம் இயற்றியிருக்கிறது என்பது உண்மை. சனிக்கிழமை மாலை நாலு மணிக்குச் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பவர் யார்?

லிமிட் கிடைத்துவிட்டால் அவ்வளவு பணமும் எடுக்கலாம் என்றும் இல்லை. மாதந்தோறும் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கொடுக்கவேண்டும்; கிடங்கில் உள்ள சரக்கிலும் வரவேண்டிய பாக்கியிலும் மார்ஜின் கழித்து, நூல்மில்லுக்குக் கொடுக்கவேண்டியதையும் கழித்து, மிஞ்சுகிற டி.பி. (டிராயிங் பவர்) அளவுக்குத்தான் எடுக்க அனுமதி. தொண்ணூறு நாளைத் தாண்டிய பாக்கியைப் பல வங்கிகள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இதில் ஒரு விபரீதம் இருக்கிறது: வாடிக்கைக்காரர் பணம் தராமல் இழுக்கும்போது முதலாளிக்குப் பணம் அதிகம் தேவைப்படுகிறது, அதே காரணத்தாலேயே வங்கி கொடுக்கும் பணம் குறைகிறது. மழைக்காலத்தில் குடையைப் பிடுங்குகிறார்கள் என்று வியாபாரிகள் சபிப்பதும், நனைந்த சரக்கின் மேல் யார் கடன் கொடுப்பார்கள் என்று வங்கிக்காரர்கள் முணுமுணுப்பதும் இரண்டுமே நியாயந்தான்.

ஏற்றுமதிக்கென்று தனிச் சலுகை உண்டு. ஆர்டரைக் காட்டி வாங்கும் பேக்கிங் கிரெடிட்டை, சரக்குக் கப்பலேறியதும் அந்தப் பில்லின் மேல் வங்கி கொடுக்கும் பணத்தைக்கொண்டு அடைத்துவிட்டு, அயல்நாட்டுப் பணம் வரும்போது பில் கடனை அடைக்கவேண்டும். ஓட்டப் பந்தயத்தில் ஒரு கையிலிருந்து மறு கைக்குக் கோல் மாறுவதுபோல் ஒரு கடன் மற்றொரு கடனாக மாறுகிற இந்த முறை, எல்லாம் தேதிப்படி நடந்தால் அழகான முறை. வாங்கியவர் திவாலானால்? அதற்குத்தான் 1957இல் மத்திய அரசு ஏற்படுத்திய காப்புறுதி ஸ்தாபனம், இன்று இ.சி.ஜி.சி. என்று அறியப்படுவது, இருக்கிறது. பிரீமியத்தை வீண்செலவென்று நினைத்து மிச்சம் பிடித்தவர்கள், பிற்பாடு அதைப்பற்றிப் பேசுவதையே தவிர்ப்பார்கள்.

தவணை தவறிய பெரியவர்கள்

சிறு முதலாளிகளின் அறியாமையே இதற்கெல்லாம் காரணம் என்று யாரேனும் நினைத்தால், சென்னையின் சரித்திரம் அந்த எண்ணத்தை இரக்கமில்லாமல் கலைத்துவிடும். ஆர்பத்நாட் கம்பெனி சென்னையில் அசைக்க முடியாத ஸ்தாபனம் என்று பெயர் பெற்றது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் விதவைகளும் தங்கள் சேமிப்பை வீட்டுப் பெட்டியில் வைப்பதைவிட அங்கே வைப்பது க்ஷேமம் என்று நம்பினார்கள். கேட்டபோது கொடுக்கவேண்டிய அந்தப் பணத்தை, கேட்டபோது திரும்பி வராத சுரங்கங்களிலும் சூதாட்டம் போன்ற முயற்சிகளிலும் கம்பெனி முடக்கிவிட்டது. 1906ஆம் வருஷம் அக்டோபர் 22ஆம் தேதி கதவு மூடிற்று. ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறை சென்றார். அந்தச் சாம்பலிலிருந்துதான், வக்கீல் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முதலியோர் முயற்சியால், 1907இல் இந்தியன் வங்கி எழுந்தது. கும்பகோணத்தில் 1904இலும், கரூரில் 1916இலும், தூத்துக்குடியில் 1921இலும் உள்ளூர்க்காரர்கள் தாங்களே வங்கிகளை ஏற்படுத்திக்கொண்டதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். முன்பின் தெரியாதவனுக்குக் கடன் கொடுப்பது எவ்வளவு கஷ்டமோ, அவனிடம் கடன் வாங்குவதும் அவ்வளவு கஷ்டம் என்பது அவர்கள் அனுபவம்.

ஆர்பத்நாட்டுக்கு நேர்மையில்லை என்று சொல்லித் தள்ளிவிடலாம். ஆனால் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பர்மா அனுபவத்தை அப்படித் தள்ள முடியாது. ஏனெனில் கணக்கின் ஒழுங்கிலும் பணத்தின் தவணையைப் பற்றிய ஞானத்திலும் அவர்களுக்கு நிகரானவர்கள் இந்த நாட்டில் அபூர்வம். பெட்டியடிப் பையனாக நுழைந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்து, மூன்று வருஷக் கணக்கு முடிந்து ஊர் திரும்புகிறவர் ஐந்தொகையை ஒப்படைக்கும்போது ஒரு காசு இடறக்கூடாது. தங்களுக்குள் வாங்கிப் போடும் பணத்துக்கு நடப்பு வட்டி இவ்வளவு, தவணை வட்டி இவ்வளவு என்று ரங்கூன் கோயிலில் மாதந்தோறும் கூடி அவர்களே நிர்ணயித்துக்கொண்டார்கள். காரைக்குடியில் எழுதிக் கொடுத்த உண்டியல் ரங்கூனில் செல்லும். எழுதியவர் பெயரைத் தவிர வேறு ஜாமீன் வேண்டாம்.

அவர்களுடைய மூலதனம் உறவினரின் டெபாசிட்டுகளும், கோயில் பணமும், ஆச்சிமாரின் சீதனமும், வங்கிகளிடம் வாங்கியதுமாகக் கலந்தது. அதில் பெரும்பகுதி சில மாதத் தவணையில் புதுப்பித்துப் புதுப்பித்து ஓடியது. அதை ஐராவதி டெல்டாவின் நெல் விவசாயிக்கு ஒரு போகத்துக்குக் கொடுத்து, அறுவடையில் திரும்பப் பெறுவதே தொழில். போகத்துக்குப் போகம் நெல் விற்றவரை தவணையும் தவணையும் பொருந்தி நின்றன. 1930இல் உலகமெங்கும் வந்த மந்தத்தில் நெல்விலை சரிந்தபோது விவசாயியால் பணம் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. பணத்துக்குப் பதிலாக நிலம் வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 ஜில்லாக்களில் சாகுபடி நிலத்தில் 1930இல் 6 சதவீதமே செட்டியார்கள் வசம் இருந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் அது ஏறக்குறைய 25 சதவீதமாயிற்று. பார்த்தவர்கள் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டதாகச் சொன்னார்கள். ஐந்தொகையைப் பார்த்தவருக்கு அது வேறு மாதிரி தெரிந்திருக்கும். சில மாதத்தில் திருப்பவேண்டிய டெபாசிட் ஒரு பக்கம். வாங்குவாரற்ற நிலம் மறு பக்கம். யுத்தமும் பர்மாவின் நிலச் சட்டங்களும் பின்னால் வந்து மிச்சத்தையும் எடுத்துக்கொண்டன. 1937இல் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தது இந்தப் பின்னணியில்தான்.

நாற்பது லட்ச ரூபாய் பெறும் பிரிண்டிங் மெஷினைச் சி.சி. கணக்கிலிருந்து எடுத்து வாங்குகிற இன்றைய முதலாளி செய்வதும், அளவில் சிறிதானாலும், ஜாதியில் இதே காரியம். மெஷின் தன் விலையைச் சம்பாதித்துக் கொடுக்க ஐந்து வருஷம் ஆகும், சி.சி. பணமோ அடுத்த மாத நூலுக்கு உரியது. நீண்டகாலச் சொத்துக்கு நீண்டகாலக் கடன் வேண்டும் என்பதற்காகவே 1949இல் சென்னை மாகாணத்தில் தொழில் முதலீட்டுக் கழகம் ஏற்படுத்தினார்கள். இன்று அது டி.ஐ.ஐ.சி. ஆனால் அங்கே மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டும், சி.சி. கணக்கிலோ ஒரு செக் எழுதினால் போதும். மெஷினாவது பரவாயில்லை, அது சம்பாதிக்கும். நல்ல சீசனில் கிடைத்த பணத்தைப் போட்டுக் கல்யாண மண்டபம் கட்டுகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மண்டபம் கட்டி முடிகிற சமயத்தில் அவர்களைப் பற்றி ஊரே சொல்லிக்கொண்டிருக்கும்.

வெளியிலிருந்து வரும் இடி

தேதிகளைச் சரியாகப் பொருத்தி வைத்தவருக்கும் சில இடிகள் வெளியிலிருந்து வருகின்றன. 2022ஆம் வருஷம் மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சு ஒரு லட்ச ரூபாயைத் தாண்டிற்று. நூல்விலை ஏறினால் லாபம் குறையும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. லிமிட்டும் மறைமுகமாகச் சுருங்கிவிடுகிறது என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. 80 லட்சத்துக்கு வாங்கிய நூலுக்கு 120 லட்சம் ஆகும்போது, அதே 4 கோடியே 80 லட்சம் எத்தனை ஆர்டரைத் தாங்கும்? அந்த மே மாதம் 16, 17 தேதிகளில் திருப்பூர் வேலைநிறுத்தம் செய்து கதவடைத்ததில் லாபக் கவலையைவிட இந்த ரொக்கக் கவலையே பெரிது என்று எனக்குத் தோன்றிற்று.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகளின் மீது 50 சதவீத வரி விதித்தபோது, தன் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அந்த நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த திருப்பூரில், ஆர்டர் போய்விடுமே என்ற பயத்தோடு, நூல் வாங்கித் துணியாகி நடுவழியில் நிற்கிற சரக்கின் கதி என்ன என்ற பயமும் சேர்ந்துகொண்டது. பாதி தைத்த டீ-ஷர்ட்டுக்குச் சந்தை இல்லை. மூன்று மாதத்துக்குள் ரிசர்வ் வங்கி, ஏற்றுமதிப் பணம் நாட்டுக்குள் வந்து சேரவேண்டிய கெடுவை 9 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டிற்று. அவசியமான உதவிதான். ஆனால் நமக்குக் கெடு நீண்டிருக்கிறது என்ற செய்தி வாங்குகிறவர் காதிலும் விழும் அல்லவா?

உள்நாட்டில் விற்பவருக்கு வேறு விதமான தொல்லை. 2017 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள ஜி.எஸ்.டி.யில், பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதி வரி கட்டவேண்டும். வாடிக்கைக்காரர் பணம் கொடுத்தாரா என்று அரசாங்கம் கேட்பதில்லை. மூன்று மாதம் கழித்து வரப்போகும் பணத்துக்கு இன்றைக்கே கைப்பணத்திலிருந்து வரி. அந்த வாடிக்கைக்காரரைக் கேட்கச் சட்டம் இல்லாமலும் இல்லை. 2006ஆம் வருஷத்துச் சட்டப்படி குறு, சிறு உற்பத்தியாளருக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்கவேண்டும். தவறினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. பதினேழு வருஷம் இந்தச் சட்டம் பெரும்பாலும் அலமாரியில் இருந்தது. தினமும் சோறு போடுகிற வாடிக்கைக்காரர் மேல் வழக்குப் போட யாருக்கும் மனம் வரவில்லை. 2023இல் வருமானவரிச் சட்டத்தில் ஒரு சிறு உட்பிரிவைச் சேர்த்து, அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கிற வருஷத்தில்தான் செலவாகக் காட்டலாம் என்று சொன்னார்கள். உடனே ஜவுளிச் சந்தைகளில் ஒரே கூக்குரல். வழக்குக்குப் பயப்படாதவர்கள் ஆடிட்டருக்குப் பயந்தார்கள். சிலர் பாக்கியைத் தீர்த்தார்கள். சிலர் பதிவில்லாத சப்ளையரிடம் போய்விட்டார்கள். சட்டத்தின் பலத்தை, அதை மீறுகிறவர் எந்த வாசல் வழியாக வெளியேறுகிறார் என்பதைக் கொண்டும் அளக்கவேண்டியிருக்கிறது.

2017 முதல் இயங்கிவரும் டிரெட்ஸ் என்ற ஏற்பாடு எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. சிறு உற்பத்தியாளர் தந்த பில்லைப் பெரிய கம்பெனி ஒப்புக்கொண்டுவிட்டால், வங்கிகள் அதை ஏலத்தில் எடுத்து உடனே பணம் கொடுத்துவிடும். பெரிய கம்பெனி தவறினால் சிறியவரிடம் திரும்பி வரமாட்டார்கள். வட்டியும் பெரியவரின் பெயருக்கு ஏற்ற வட்டி. 250 கோடிக்கு மேல் விற்பனையுள்ள கம்பெனிகள் இதில் சேர்ந்தாகவேண்டும் என்று உத்தரவும் இருக்கிறது. சேர்ந்தபின் பில்லை ஒப்புக்கொள்ளும் பொத்தானை அழுத்துவார்களா என்பது அவரவர் தர்மத்தைப் பொறுத்தது.

பதின்மூன்று கட்டங்கள்

கடைசியில் எல்லாம் ஒரு காகிதத்தில் வந்து நிற்கிறது. ரொக்கக் கஷ்டத்திலிருந்து மீண்ட ஸ்தாபனங்களை விசாரித்தால், அவற்றில் பலவற்றை மீட்டது புதுக் கடனைவிட, பதின்மூன்று வாரங்களுக்குக் கட்டம் போட்ட ஒரு சாதாரணக் காகிதம் என்று தெரிகிறது. பதின்மூன்று வாரம் என்றால் ஒரு காலாண்டு. அதற்கு மேல் எதிர்காலத்தைப் பார்க்க முயல்வது ஜோசியம், அதற்குக் கீழ் பார்ப்பது தீயணைப்பு. போக்குப் பக்கத்தை எழுதுவது சுலபம். அது பொய் சொல்லாது. வாரந்தோறும் சனிக்கிழமைக் கூலி; 7ஆம் தேதிக்குள் மாதச் சம்பளம்; 15ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ.; 20ஆம் தேதி ஜி.எஸ்.டி.; வங்கித் தவணை; மின்சாரம்; ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15ஆம் தேதியில் முன்கூட்டிய வருமானவரி.

வரத்துப் பக்கம்தான் மனிதனுடைய சுபாவத்தைச் சோதிக்கிறது. வரவேண்டிய தேதியை எழுதாமல், அந்த வாடிக்கைக்காரர் வழக்கமாக எத்தனை நாள் இழுப்பாரோ அந்தத் தேதியை எழுதவேண்டும். அதையும் "வந்தே தீரும்", "வரலாம்", "வந்தால் உண்டு" என்று மூன்றாகப் பிரிக்கவேண்டும். மூன்றாவது வகைப் பணத்தை நம்பிச் செக் எழுதக்கூடாது. இப்படி எழுதிப் பார்த்தால், எட்டாவது வாரத்தில் பத்து லட்சம் துண்டு விழும் என்று இன்றைக்கே தெரிந்துவிடும். எட்டு வாரத்துக்கு முன்னால் வங்கிக்குப் போய்க் கேட்கிறவருக்கு மானேஜர் நாற்காலி போட்டுக் காபி வரவழைக்கிறார். எட்டு மணி நேரத்துக்கு முன்னால் கேட்கிறவரைப் பார்த்து அவர் கோப்பைத் தேடுகிறார். நூல் தவணையை ஒரு வாரம் தள்ளிப்போடுவதோ, சிறு ஆர்டர் ஒன்றை மரியாதையாக மறுத்துவிடுவதோ, தேங்கிக் கிடக்கும் மிச்சத் துணியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவதோ, எட்டு வாரம் இருந்தால் எல்லாம் சாத்தியம்.

சனிக்கிழமைப் பட்டுவாடா முடிந்து, மெஷின்கள் ஓய்ந்து, வாட்ச்மேன் கேட்டைச் சாத்திய பிறகு, அந்தச் சந்தின் ஆபீஸ் அறையில் விளக்கு இன்னும் எரிகிறது. "அண்ணா" ஐந்துக்குப் பதிலாக மூன்று லட்சம் போட்டிருந்தார். மீதிக்கு ஏதோ செய்து ஒப்பேற்றியாகிவிட்டது. முதலாளி கழிந்த வாரத்தின் கட்டத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, வலது ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் போடுகிறார். காலண்டரை ஒரு தரம் பார்த்துக்கொள்கிறார். புதுக் கட்டத்தின் போக்குப் பக்கத்தில் "தீபாவளி போனஸ்" என்று எழுதித் தொகையையும் போடுகிறார். வரத்துப் பக்கத்தில் பேனா சற்று நேரம் நிற்கிறது.